தோட்டம் எதுல இருக்குன்னு தெரியலைங்க

சட்டைப் பெட்டியின் அட்டை மூடியைக் கிழித்து வைத்துக்கொண்டு சுடர்விழி படம் வரைகிறாள். நீள்சதுரத்துக்கு இரண்டு பக்கமும் காது வைத்தாற்போல ஒரு உருவம். கையில் பிடித்து விளையாடுகிற கணினி ஒன்றின் முதுகு அது. திருகாணி இருக்கும் எட்டு இடங்களிலும் பேனா முனையால் குத்தி ஓட்டை போடுகிறாள். கழற்றும் ஒவ்வொன்றையும் அதனதன் ஓட்டையில் செருகுகிறாள். "கைப்பிடிப் பக்கம் நாலு நெட்டை, நடுவுல நாலு குட்டை" என்று வாய் முணுமுணுக்கிறது. இந்த ரகத்தில் நூறுக்கு மேல் கழற்றியாயிற்று. இருந்தும் ஒவ்வொரு முறையும் புது அட்டை, புதுப் படம். "மனசுல இருக்குன்னு நம்பிப் போட்டா நெட்டையைக் குட்டை எடத்துல போட்டுருவேன். அது அங்கிட்டுப் பொத்துக்கிட்டு வந்துரும்."

அறந்தாங்கிப் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மாடிக் கடை. பெயர்ப்பலகையில் 'வெற்றி கம்ப்யூட்டர்ஸ்' என்று இருக்கும். கடையைத் தொடங்கிய வெற்றிச்செல்வனிடம் டைப் அடிக்கச் சேர்ந்தவள்தான் சுடர்விழி. அவர் கடையை இவளிடம் விட்டுவிட்டு சிங்கப்பூர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பலகையை மாற்ற வேண்டும் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். படியேறி வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்பார்கள். "சார் இல்லைங்க. நான்தான்." சிலர் உட்காருவார்கள். சிலர் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுப்பில் வருகிறவர்கள் கொண்டுவரும் விளையாட்டுக் கணினிகள் ஒரு பக்கம். இ-சேவை மையத்திலும் பள்ளிக்கூட அலுவலகத்திலும் இருக்கும் டிபன் பாக்ஸ் அளவுக் கணினிகள் இன்னொரு பக்கம். எல்லாருக்கும் குறை ஒன்றுதான்: இடம் பத்தவில்லை. உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் சில்லான எஸ்எஸ்டியில், சின்னதை எடுத்துவிட்டுப் பெரிய எஸ்எஸ்டி வைக்க வேண்டும். இதில் பெரிசு என்றால் கொள்ளளவில்தான் பெரிசு. உருவத்தில் பழையதன் அளவாகவே இருக்க வேண்டும். முப்பது மில்லிமீட்டர் நீளம், நாற்பத்திரண்டு, எண்பது என்று மூன்று வகை வரும். எண்பது டிபன் பாக்ஸுக்கு. முப்பது கையில் பிடிப்பதற்கு. பள்ளிக்கூட ஜாமென்ட்ரி பாக்ஸ் அடிக்கோலை வைத்து ஒவ்வொரு தடவையும் அளந்து பார்ப்பாள். அளந்ததை இன்னொரு தடவை அளப்பாள்.

ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வந்தவர் எண்பதை வாங்கிக்கொண்டு வந்து, முப்பதுக்கான பொந்தில் வைக்கச் சொன்னார். "நீளமா இருக்குங்க" என்றாள். ஒடித்து வைக்க முடியாதா என்று கேட்டார். "வெளையாட்டுக்குக் கேட்டாரா, நெசமாவே கேட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை."

கடைத்தெருவில் இதே வேலை செய்கிற மற்றவர்கள் சொல்லவே சொல்லாத ஒரு வாக்கியத்தை அவள் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். "எனக்கே கொழப்பமா இருக்குங்க. ஒரு நிமிஷம் இருங்க." பிறகு ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொடுவாள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காக. அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக் கூடவே கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி வாக்கில் நாகுடியிலிருந்து அடைக்கலமேரி வந்தார். ஐம்பத்திரண்டு வயது. மஸ்கட்டில் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விடுப்பு முடிந்து ஞாயிறு காலை திருச்சியில் விமானம் ஏற வேண்டும். கட்டைப்பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் விளையாட்டுக் கணினி. அதை மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"அந்த வீட்டுப் பேத்தி வச்சிருந்ததும்மா. புதுசு வாங்கவும் இதை எனக்குக் குடுத்துருச்சு. எடம் இல்லை, எடம் இல்லைன்னு செவப்பு எழுத்துல வருது. ஒரு நாள் பூரா நட்ட பரங்கி, மறுநாள் தொறந்து பாத்தா ஒண்ணுகூட இல்லை. சேவ் ஆகலையாம்."

"எங்கங்க்கா நட்டீங்க?" என்றாள் சுடர்விழி.

"இதுக்குள்ளதான்."

விவசாயம் செய்கிற விளையாட்டு. நாலு வருஷமாக ஆடுகிறார். வயல் இருக்கிறது, கிணறு இருக்கிறது, பதினாலு மாடு இருக்கிறது. தோட்டத்துக்கு நாகுடி என்றே பெயர் வைத்திருக்கிறார். "கெழவி மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கும். அந்த நேரந்தான் எனக்கு. நாலு வருஷத்து வெள்ளாமைம்மா. அது போயிறக் கூடாது. எடம் மட்டும் பெரிசாகணும்."

"பாக்குறேங்க்கா. எனக்கே கொஞ்சம் கொழப்பமாத்தான் இருக்கும். ஆனா பாத்துருவேன்."

"ஒனக்கே கொழப்பமா இருந்தா, நான் ஞாயித்துக்கெழமை எப்படிப் பிளேன் ஏறுறது?" என்றார் அடைக்கலமேரி. ஆனாலும் கணினியைக் கொடுத்தார்.

திறப்பதற்கு முன்னால் சுடர்விழி தவறாமல் செய்வது ஒன்று உண்டு. இந்த ரகத்தின் அடி விளிம்பில் மெமரி கார்டு செருகும் ஒரு கீறல் இருக்கும். கார்டை எடுக்காமல் மூடியை நெம்பினால் கார்டு இரண்டாகிவிடும். அதனால் முதலில் கேட்பாள்; பிறகு கேட்டதை நம்பாமல் விரலால் தடவிப் பார்ப்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

"மெமரி கார்டு ஏதும் போட்டுருக்கீங்களாக்கா?"

"நான் ஒண்ணும் போடலையே."

அந்த நேரம் பார்த்துப் படியில் ஒரு தலை தெரிந்தது. "வெற்றி சார் இல்லீங்களா?" சுடர்விழி திரும்பி, வழக்கமான பதிலைச் சொன்னாள். தலை இறங்கிப் போயிற்று. திரும்பி உட்கார்ந்தபோது, விரலால் தடவிப் பார்த்துவிட்டோம் என்றே அவளுக்குத் தோன்றியது. அட்டையில் படம் வரைந்தாள். எட்டுத் திருகாணிகளையும் கழற்றினாள். முக்கோணமாக வெட்டிய பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் விட்டு நெம்பினாள். மூடி விடுபடும்போது சத்தம் வரத்தான் செய்யும். இந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. முறுக்கு நொறுங்குவதுபோல.

உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். நகத்தின் அளவில் கறுப்பாக இரண்டு துண்டுகள்.

மூடியைத் திரும்பப் போட்டுவிட்டால் இந்த அம்மாவுக்குத் தெரியாது. கார்டு இருந்ததே இவருக்குத் தெரியாது. மஸ்கட் போய்த் திறக்கும்போதுதான் தெரியும். இந்த நினைப்பு வந்ததும் சுடர்விழிக்கே கூசியது. கையை நீட்டிக் காட்டினாள்.

"அக்கா, உள்ள ஒரு கார்டு இருந்துருக்கு. நான் பாக்காம ஒடச்சுட்டேன்."

அடைக்கலமேரி குனிந்து பார்த்தார். "அது என்னது?"

"மெமரி கார்டு. அந்தப் பேத்தி போட்டு வச்சிருக்கும்போல."

"தோட்டம் அதுலயா இருக்கு?"

சுடர்விழி இரண்டு துண்டுகளையும் ஒட்ட வைத்துப் பார்த்தாள். "தோட்டம் எதுல இருக்குன்னு தெரியலைங்க."

அடைக்கலமேரி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். ஜெபமாலையை எடுக்கிறவர்போலக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய், பாதியில் மறந்து அப்படியே வைத்துக்கொண்டார். "அப்ப யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அது கோபமா, நிஜமாகவே கேட்ட கேள்வியா என்று சுடர்விழியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜன்னல் கம்பியைத் தொட்டாள். மூடி போடாமலே கணினிக்கு உயிர் கொடுத்தாள். திரையில் அந்த விளையாட்டின் படம் வெளிறிப்போய்த் தெரிந்தது. தொட்டால் திறக்கவில்லை. விளையாட்டு கார்டில்தான் இருந்திருக்கிறது. அடைக்கலமேரியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், அந்த அம்மா வந்ததும் சொன்ன வார்த்தை மனசுக்குள் திரும்ப ஓடியது. பரங்கி சேவ் ஆகவில்லை.

"அக்கா, அந்தச் செவப்பு எழுத்துல என்ன போட்டுருந்துச்சு? கார்டுன்னு இருந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும்? போட்டோ எடுத்து வச்சிருக்கேன், பாரு." போனைத் தேடி எடுத்துக் காட்டினார். உள் சேமிப்பில் இடமில்லை என்று இருந்தது. உள்ளே இடமில்லாததால் தோட்டம் பதியவில்லை என்றால், தோட்டம் பதிவது உள்ளேதான். விளையாட்டு ஓர் இடம், தோட்டம் வேறோர் இடம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படி இல்லாமலும் போகலாம் என்றும் தோன்றியது.

உள்ளே தேடினாள். ஒரு கோப்புறையைத் திறந்தால் அதற்குள் நாற்பது. எல்லாவற்றுக்கும் பெயருக்குப் பதில் வெறும் எண்கள். திறந்து பார்த்தது எது, இன்னும் பார்க்காதது எது என்று குழம்பி, அட்டையின் மறுபக்கத்தில் எண்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். மணி ஒன்றரை ஆயிற்று. அடைக்கலமேரி கீழே போய் இரண்டு தயிர்ச்சாதப் பொட்டலம் வாங்கி வந்தார். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். சுடர்விழி பிரிக்கவில்லை.

இருபத்தேழாவது கோப்புறைக்குள் ஒரு கோப்பு, ஆங்கில எழுத்தில் நாகுடி என்று இருந்தது. போன வாரத் தேதி. அளவைப் பார்த்தாள். ஒரு கல்யாண போட்டோ அளவுகூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார் அடைக்கலமேரி. "நாலு வருஷம்மா."

"இதுதாங்க்கா. இதுவாத்தான் இருக்கணும்."

அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தாள். இன்னொரு பென் டிரைவிலும் எடுத்தாள். தன் போனிலும் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் பழைய எஸ்எஸ்டியின் திருகாணியில் கை வைத்தாள். பழையதில் இருந்ததை அப்படியே புதியதில் படியெடுத்துப் பொருத்தினாள். ஐந்நூறு ஜிபி போட்டும் திரை பழையதன் அறுபத்து நாலு என்றுதான் காட்டியது. அடிக்கோலை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கீழே வைத்தாள்.

"என்னம்மா?"

"பெரிய நெலத்துக்குக் குடிவந்துட்டு, பழைய வேலியையும் தூக்கிட்டு வந்து நட்டுட்டேங்க்கா. வேலியைத் தள்ளிப் போடணும்."

"அது சரி" என்றார் அடைக்கலமேரி. அன்றைக்கு அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

வேலியைத் தள்ளியாயிற்று. இனி விளையாட்டைத் திரும்ப இறக்க வேண்டும். இணையத்தில் சேர்த்ததும் ஒரு ரகசியக் குறியீடு கேட்டது. கணக்கு பேத்தியுடையது, குறியீடு அந்தப் பெண்ணின் மெயிலுக்குப் போய்விட்டது. அடைக்கலமேரி மஸ்கட்டுக்கு அழைத்தார். அதுவரை தயங்கித் தயங்கிப் பேசிய அம்மா, அரபியில் மளமளவென்று பேசினார், நடுவில் யாரையோ அதட்டினார், சிரித்தார். சுடர்விழிக்குப் புரிந்தது 'மேரி' என்ற ஒரு சொல்தான். ஒரு நிமிஷத்தில் ஐந்து எழுத்துகள் வந்தன.

"அதுக்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கார்டை நான் ஒடச்சுட்டேன்னேன்."

"நான்தானேக்கா ஒடச்சேன்."

"ஒன்னைய அதுக்கு யாருன்னு தெரியும்? வெளக்குறதுக்குள்ள பேலன்ஸ் போயிரும்."

இறங்கி முடிய ஐந்து மணி ஆயிற்று. விளையாட்டு திறந்தது. கறுப்பாக ஒரு வட்டம் சுற்றியது. வெகு நேரம் சுற்றியது. இருவரும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள். பிறகு சேவல் கூவிற்று. ஓட்டு வீடு, கிணறு, வரிசை வரிசையாகப் பயிர். அடைக்கலமேரி கணினியைப் பிடுங்காத குறையாக வாங்கி, நேரே தொழுவத்துக்குப் போனார். உதடு அசைந்தது. "பதினாலு" என்றார்.

சுடர்விழிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒங்களுக்கு ஊர்ல நெலம் இல்லையாக்கா?"

"முக்கால் ஏக்கர் இருக்கு. தம்பி பாக்குறான். என்ன போட்டுருக்கேன்னு கேட்டா, ஒனக்கு எதுக்கு அதெல்லாம்ங்கிறான்." வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டே சொன்னார். "இதுல என்ன போட்டாலும் எனக்குத் தெரிஞ்சுதான் மொளைக்குது."

சுடர்விழி, மத்தியானத்திலிருந்து கிடந்த தயிர்ச்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினாள். அடைக்கலமேரி அவள் கையைத் தடுத்து, கணினியைக் கொடுத்தார்.

"காலி எடமா இருக்கு பாரு, அதுல ஒரு பரங்கி நடு. அப்புறம் சாப்புடு."

சுடர்விழி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திரையில் தொப்பி போட்ட சின்னப் பெண் ஒருத்தி விதையும் கையுமாக நின்றாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்? கட்டைவிரல் இங்கிட்டு ஒரு தடவை போயிற்று, அங்கிட்டு ஒரு தடவை போயிற்று. சுடர்விழி மெதுவாகக் கணினியைக் குப்புறத் திருப்பி, தனக்குப் பழகிய அதன் முதுகைப் பார்த்தாள்.