பூங்காவை விட்டு பைபாஸுக்கு

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இங்கேதான் வர வேண்டியிருக்கும். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனுஷர், தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில் போகிறவர். அவரை நடக்க வைத்தது என் வாய் இல்லை. எங்கள் நகரில் அப்போதுதான் திறந்திருந்த பூங்கா.

நாமக்கல்லுக்கு வெளியே, பைபாஸ் ரோட்டை ஒட்டியது எங்கள் நகர். பூங்கா திறந்த முதல் வருடம் காலை ஐந்தரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும். சுற்றிலும் சிமெண்டுக் கல் பதித்த நடைபாதை, வரிசையாக விளக்கு, வேப்பமரத்தடியில் பெஞ்சு, கழுவிவிட்ட கழிப்பறை. பெண்கள் சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு கோழிப்பண்ணைக் கதையும் மருமகள் கதையும் பேசியபடி நடப்போம். அவர் ஆண்கள் கூட்டத்தோடு எட்டுச் சுற்று வருவார். ஒருநாள் போகவில்லையென்றால் வீட்டு வாசலுக்கே வந்து விசாரிப்பார்கள்.

அது ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. முதலில் வடக்கு மூலையில் இரண்டு விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் கல் அமுங்கியிருந்தது தெரியாமல் பக்கத்து வீட்டு அக்கா விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பிறகு கழிப்பறையைப் பூட்டினார்கள். சர்க்கரை வியாதிக்காரி அப்படிப்பட்ட இடத்துக்கு எத்தனை நாள் வருவாள்? பெண்கள் ஒவ்வொருவராக நின்றோம். நானும் முட்டிவலியைச் சாக்குச் சொல்லி நின்றேன். அதற்கு இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். பெண்கள் நின்றதும் வாட்ச்மேன் வருவது குறைந்தது, குடிக்கிறவர்கள் வருவது கூடியது. பாதை முழுக்க பாட்டில் சில்லு. கடைசியில் ஆண்களும் கூடிப் பேசி பைபாஸில் நடக்கப் போய்விட்டார்கள். மனு கொடுக்கலாம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. அவர்களுக்கு ரோடு இருந்தது, போதும்.

விடியற்காலைதான் டிரைவருக்குக் கண் சொக்கும் நேரம். இதைச் சொன்னதே என் வீட்டுக்காரர்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவோம் என்று ஒருகாலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னவர்.

"ஏனுங்க, வண்டிக்கு எதுத்தாப்புல நடங்க. முதுவுக்குப் பொறத்தால வர்ற வண்டி எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"அது ராங் சைடு புள்ள. நான் என்ன இன்னிக்கா ரோட்டப் பாக்கறேன்?"

கூட நடந்தவர்களில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரைத் தவிர, பாதிப்பேர் லாரி ஓட்டியவர்கள், மீதிப்பேர் லாரி வைத்திருந்தவர்கள். இடது பக்கமாகவே போய்ப் பழகிய உடம்பு. எதிர்த் திசையில் நடப்பது அவர்களுக்கு மானக்கேடு. "நம்மூரு வண்டிங்க, பாத்து ஒதுங்கிப் போயிருவான்" என்பார்கள். தினமும் ஆறேகாலுக்கு கேட் சத்தம் கேட்கும்வரை அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எனக்குத் தெரியாது.

ஒரு மார்கழிக் காலை, பனி. அவர் சட்டையெல்லாம் மண்ணோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். எப்போதும் வரிசையில் கடைசியாக நடக்கும் வாத்தியார் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். டிரைவர் தூங்கிவிட்டான். வண்டி நம்மூர் வண்டிதான்.

அதற்கு மறுவாரமே பூங்காவைச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். விளக்கு போட்டார்கள், சில்லைக் கூட்டினார்கள், கழிப்பறையைத் திறந்தார்கள். ஒரு உயிரைக் கொடுத்துத்தான் நாலு பல்பு வாங்க வேண்டியிருந்தது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருந்தாலும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிகிறது. ஒரு ஈ காக்காய் இல்லை. வாத்தியார் போன பிறகு மற்ற ஆண்கள் நடப்பதையே விட்டுவிட்டார்கள். எங்கள் செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

நாலாம் நாள், மூன்றாவது சுற்றில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். கத்தினேன், யாரும் வரவில்லை. கேட்டுக்கு ஓடினேன், தெருவில் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. திரும்பி வருவதற்குள் வேர்த்துக் கொட்டிய முகத்தோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். வெறும் வாய்வு என்றார் டாக்டர். ஆனால் அவர் கண்ணில் அன்று பார்த்த பயத்தை, வாத்தியார் போன அன்றுகூட நான் பார்க்கவில்லை.

"இங்க உழுந்தா நாய்கூட எட்டிப் பாக்காது. ரோட்டுல உழுந்தா எவனாச்சும் வண்டிய நிறுத்தித் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுவான்" என்றார். அதோடு பூங்காப் பேச்சையே எடுக்க விடவில்லை. மொட்டை மாடியில் நடங்கள் என்றால், நான் என்ன கூண்டுப் புலியா என்கிறார்.

நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். "நாலு பேரு வரட்டுமுங்க, நாங்களும் வாரமுங்க" என்றார்கள். எல்லா வீட்டிலும் இதே பதில். இந்த நகரே அந்த நாலு பேருக்காகக் காத்திருக்கிறது.

நடக்காமல் இருந்தால் அந்த நெஞ்சு தாங்காது. அதனால் இப்போது நானும் அவரோடு பைபாஸுக்குப் போகிறேன். ரோட்டோர வெள்ளைக்கோட்டுக்குப் பக்கமாக, அதே இடது பக்கம்தான். அவரை மண் பக்கம் விட்டுவிட்டு நான் ரோட்டுப் பக்கம் நடக்கிறேன். தூங்கிக்கொண்டு வருகிறவன் முதலில் என்னைத் தட்டினால் அவருக்கு ஒதுங்க நேரம் கிடைக்கும். முதல் நாளே, "ஏம் புள்ள, உள்ளாற வந்து நடக்க வேண்டியதுதான?" என்று கேட்டார்.

"மண்ணு மேடும் பள்ளமுமா இருக்குதுங்க, முட்டி தாங்காது. எனக்குத் தாரு ரோடுதான் தோது" என்றேன். நம்பிவிட்டார்.