கொடியக்காவின் தெரு

அந்த டைல்ஸ் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கொடியக்கா என்றால்தான் தலை நிமிரும். குளியலறைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை ஓடுமே, இலையும் மொட்டுமாக ஒரு கொடி, அது அவள் கை. பெட்டிகளில் வைக்கோல் திணிக்கும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். வரைகிற பெண்களில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போக, நான் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டு உட்கார்ந்தாள். அதோடு சரி, எழுந்திருக்கவே இல்லை. விடுப்பு முடிந்து வந்தவள் இவள் போட்ட கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனக்குப் பக்கத்தில் வேறு நாற்காலி போடச் சொல்லிவிட்டாளாம்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் கொடியக்கா முதலில் குளியலறையைத்தான் எட்டிப் பார்ப்பாள். வெளியே வந்து, "நம்ம கைதான்" என்பாள். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடிப்பாள். அவள் காப்பி குடிக்கிற வேகத்திலேயே சுவரில் இருப்பது யார் கை என்று தெரிந்துவிடும் என்று நாத்தனார் கிண்டல் செய்வாள்.

கொடி போடுவதில் ஒரு சட்டம் உண்டு. தண்டு ஒரு டைலின் வலது விளிம்பில் எந்த உயரத்தில் வெளியேறுகிறதோ, அதே உயரத்தில்தான் மற்ற எந்த டைலின் இடது விளிம்பிலும் நுழைய வேண்டும். நடுவில் எப்படி வேண்டுமானாலும் வளையலாம். விளிம்பில் மட்டும் இம்மி பிசகக் கூடாது. அப்போதுதான் எந்த டைலை எதன் பக்கத்தில் வைத்தாலும் கொடி அறுபடாது. எது முதல், எது அடுத்தது என்ற கேள்வியே கிடையாது. இத்தனை வருடத்தில் அவள் ஒரு டைலுக்குக்கூட எண் போட்டதில்லை.

அப்படி இருந்தபோதுதான் அந்தச் சுவர் வந்தது. ஒரு கோயில் நகரத்தின் ரயில் நிலையத்தில், பயணிகள் கூடத்தின் சுவர் முழுவதும் அந்த ஊரையே டைலில் எழுப்பித் தர வேண்டும். மேலே கோபுரங்களும் நடுவில் குளமும். கீழே, கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களையும் பாய் விரித்ததுபோல் பிரித்து நீட்டிய ஒரே பட்டை. கோபுரத்தையும் குளத்தையும் தொழிற்சாலையின் டிசைனர் தம்பி எடுத்துக்கொண்டான். தெருப் பட்டைக்கு வெளியிலிருந்து ஒரு ஓவியரைக் கூப்பிடலாம் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கொடியக்கா அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"பட்டைன்னாலே நான்தானே சார்" என்றாள்.

முதலாளி யோசித்தார். சித்திரப் பிரிவு என்று தனியாக ஒன்று தொடங்குகிற எண்ணம் அவருக்கு இருந்தது. இந்தச் சுவர் நன்றாக வந்தால் அந்தப் பிரிவை அவளே பார்த்துக்கொள்ளட்டும், சொதப்பினால் மறுபடி கொடிதான், அதற்கப்புறம் வாய் திறக்கக் கூடாது என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் மகளுக்குத்தான் தூக்கம் போனது. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே, தனக்கு இந்த வேலை தெரியுமா என்று தன்னையே நாலு கேள்வி கேட்டுக்கொள்கிற பெண். "நீ அந்த ஊரைப் பார்த்ததே இல்லையேம்மா" என்றாள்.

"குளியலறையை மட்டும் பார்த்துட்டா போடறேன்? அவங்க கட்டுறதுக்கு முன்னாடியே நான் போட்டு முடிச்சிடறேன்" என்றாள் அம்மா.

டிசைனர் அந்த ஊருக்குப் போய் ஒவ்வொரு வீடாகப் படம் எடுத்து வந்தான். ஒரு டைலுக்கு ஒரு வீடு. அவன் வரிசையைச் சொல்லச் சொல்ல, அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து டைல்களின் முதுகில் எண் போட்டாள். முன்பக்கம் அதே பென்சிலால் கோடு இழுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டினாள். இரும்புக் கதவு, உடைந்த படி, வாசலில் சாய்த்த சைக்கிள், கடைப் பலகை எல்லாம் வந்தது. ஒரே ஒரு படத்தில் மட்டும் டிசைனரின் விரல் பாதி வீட்டை மறைத்திருந்தது. அதற்காக அவனைத் தொந்தரவு செய்வானேன் என்று அந்த டைலில் தான் குடியிருக்கும் மாடி வீட்டையே போட்டுவிட்டாள். பச்சை ஜன்னல், ஒரு பக்கம் சாய்ந்த தண்ணீர்த் தொட்டி, காய்கிற நீலச் சட்டை.

எல்லா வீட்டுக்கும் மேலே ஒரு மின்கம்பியையும் கீழே தெருத் தரையையும் ஓடவிட்டாள். விளிம்பில் எல்லா டைலிலும் ஒரே உயரம்.

"அக்கா, தெருன்னா மேடு பள்ளம் இருக்கும். நீங்க பாத்ரூம் பார்டர் போட்டு வச்சிருக்கீங்க" என்றான் டிசைனர்.

"கரண்ட் நிக்காம போகணும்ல தம்பி?"

அவன் சிரித்துவிட்டுப் போனான். கோபுர டைல்கள் முன்பே வெந்து, தரையில் அடுக்கிச் சரிபார்த்து, லாரி ஏறியிருந்தன. தெருப் பட்டை கடைசிச் சூளை. சூளையைப் பார்ப்பவர் அவள் கணவர். ஆறியதும் ஆட்கள் எப்போதும்போல் அள்ளிப் பெட்டியில் அடுக்கினார்கள். பட்டை டைலை வரிசை பார்த்து அடுக்குகிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

ரயில் நிலையத்தில் கோபுரமும் குளமும் சுவரேறிவிட்டன. தெருப் பெட்டிகளோடு கொடியக்காவும் வந்திருந்தாள். மாலையில் கூடத்தைத் திறக்க வேண்டும், முதலாளி வருகிறார். காலை வெயில் ஏறும் நேரத்தில் கொத்தனார் தெருப் பெட்டியை உடைத்து, ஒரு டைலை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார்.

"நம்பர் எங்கக்கா?"

கொடியக்கா வாங்கிப் பார்த்தாள். முதுகு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கணவருக்குப் போன் போட்டாள்.

"பின்னாடி ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"என்ன இருக்கணும்?"

"நம்பர்."

"எதால எழுதின?"

அவள் கை காதுக்குப் போனது. முன்பக்கம் போடும் கோடு சூளையில் எரிந்து போய்விடும் என்பதற்காகத்தானே இத்தனை வருடம் பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டு திரிகிறாள். முன்பக்கத்தை எரிக்கிற நெருப்பு பின்பக்கத்துக்கு மட்டும் சலுகையா காட்டும்?

"நான் சுட்டதுல ஒரு குறையும் இல்ல, பாத்துக்கோ" என்றார் கணவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவள் போனை வைத்தாள். டிசைனரைப் போனில் கேட்டால், படங்களை அழித்தாயிற்று, எடுத்த வாரம் வரிசை மனப்பாடமாக இருந்தது, இப்போது எல்லா வீடும் ஒரே வீடுபோல் இருக்கிறது, எண்ணைத்தான் நீங்கள் எழுதிக்கொண்டீர்களே என்றான்.

கூடத்தின் தரையில் எல்லா டைலையும் பரப்பினார்கள். கொத்தனார் குத்துமதிப்பாகச் சிலவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். கம்பி சேர்ந்தது. தெருத் தரை சேர்ந்தது. இடம் மாற்றி வைத்தார். அப்போதும் சேர்ந்தது.

"எப்படி வச்சாலும் சேருதேக்கா. ஒட்டிடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் உடனே மறுக்கவில்லை. அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. முதலாளிக்குத் தெரியாது. டிசைனருக்கே தெரியாது. இப்படியே ஒட்டினால் சித்திரப் பிரிவு அவளுக்குத்தான். அவள் குனிந்து, கூடம் முழுக்க விரிந்து கிடந்த வாசல்களைப் பார்த்தாள். கொடிக்கு எந்த இலை முதல் இலை என்று யாரும் கேட்கப் போவதில்லை. வீடு அப்படியா?

"இங்க ரயில் ஏறுறவங்களுக்குத் தெரியும்" என்றாள். பிறகு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போன ஒரு சுமைகூலிக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டாள். "அண்ணே, உங்க வீடு எந்தத் தெரு?"

அவர் பெட்டியை இறக்காமலே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் இறக்கினார். "எங்க மச்சான் கடையை எதுக்கு ஸ்கூலுக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

"நீங்களே எடுத்து இருக்கிற இடத்துல வைங்க."

அவர் வைத்தார். அதன் பக்கத்து வீட்டையும் தேடி வைத்தார். டீ கேனோடு வந்த அம்மாள் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, அது அப்படியில்லை, தையல்கடை தாண்டித்தான் மாடி வீடு என்றாள். சுமைகூலிக்காரர் அந்தத் தெருவில் தன் முதுகு ஏறாத மாடியே கிடையாது என்றார். முதுகில் பெட்டி இருந்தால் தலை குனிந்துதான் போயிருப்பாய், வீடு எங்கே தெரிந்திருக்கும் என்றாள் அவள். ரயிலுக்குக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் தன் மாமனார் வீட்டைக் கண்டுபிடித்து, அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார். ஒரு ரயில் வந்து நின்று, ஊதிவிட்டுப் போனது. அதில் ஏற வேண்டியவர் ஒருவர் இரண்டு வாசல்களைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் போகிறேன் என்றார்.

கொடியக்காவுக்கு வேலை மும்முரமாகிவிட்டது. ஒரு ஆள் சொன்னால் போதாது, இரண்டு பேர் ஒத்துக்கொண்டால்தான் டைல் கொத்தனார் கைக்குப் போகும் என்று சொல்லிவிட்டாள். ஒத்துப்போகாத இடத்தில் ஒருவரைத் தெருவுக்கே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னாள். இடம் மாறி மாறி வந்த வீடுகள் எங்கே உட்கார்ந்தாலும் கம்பி அறுபடவில்லை. கொத்தனாரும் எதையும் வெட்டவோ தேய்க்கவோ வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் ஒரு டைல் மிஞ்சியது. பட்டையில் குளத்து மூலைக்கான ஓர் இடமும் மிஞ்சியது. பச்சை ஜன்னலும் சாய்ந்த தொட்டியும் யாருக்கும் பிடிபடவில்லை.

"இது யார் வீடு?" என்றாள் டீக்காரம்மாள்.

"என் வீடு" என்றாள் கொடியக்கா. மழுப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. "அந்தப் படத்துல விரல்தான் இருந்துச்சு. அதனால என்னோடதைப் போட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, வெறும் வெள்ளை டைல் ஒட்டிடறேன்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அந்த மூலையில் இருந்த வீட்டைப் போன மாதம்தான் இடித்தார்கள், மனை காலியாகத்தான் கிடக்கிறது என்றார் சுமைகூலிக்காரர்.

டீக்காரம்மாள் டைலைத் தூக்கிக் கொத்தனாரிடம் நீட்டினாள். "அப்போ குளத்துப் பக்கமே இருங்க. நல்லா காத்து வரும்."

மாலையில் முதலாளி வந்து, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பியைத் தொடர்ந்தபடியே நடந்தார். காலையில் நடந்ததைக் கொடியக்கா ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகம் ஒருமுறை சுருங்கியது. ஆனால் சுவருக்கு முன்னால், வந்து நின்ற ஒவ்வொருவரும் அவரவர் வாசலில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள். சுமைகூலிக்காரர் யாரோ ஒரு வெளியூர்க்காரருக்குத் தெரு காட்டிக்கொண்டிருந்தார்.

"சித்திரப் பிரிவுல பென்சில் இருக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார் முதலாளி.

"இருக்கலாம் சார். முன்பக்கம் மட்டும். நம்பர் இனிமே பிரஷ்லதான்."

அவர் சரி என்றார்.

மகள் போனில் கேட்டாள், நிஜத்தில் ஊர் எப்படி இருக்கிறது என்று. அப்போதுதான் கொடியக்காவுக்கு உறைத்தது, வந்ததிலிருந்து நிலையத்தை விட்டு வெளியே போகவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். முதல் தெருவில் திரும்பியதும் மச்சான் கடை, இரும்புக் கதவு, தையல்கடை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். கம்பி ஒரு கம்பத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நன்றாகத் தொய்ந்து கிடந்தது. தெருவும் குளத்தை நோக்கிச் சரிவாகத்தான் இறங்கியது.

டிசைனர் தம்பி சொன்னது சரிதான் என்று நினைத்தாள். அடுத்த சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.