நட்சத்திர மீனுக்குக் கட்டிய நூல்

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அதில் வந்து குந்தியிருப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நானும் அப்படித்தான் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு வந்து குந்தினேன். மாமி என் முன்னால் வரமாட்டா. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று மகளோடு மட்டும் கதைப்பா. மாமா தறிக்காரர். வந்த கிழமையே நான் ஒரு பீங்கான் கோப்பையை உடைத்தேன். அதன்பிறகு அவர் என் கையில் எதையும் தந்ததில்லை.

அந்த மாமாதான் ஒருநாள் வாயகன்ற ஒரு போத்தலைத் தந்தார். தோணிக்காரக் கூட்டாளி ஒருவர் கடலடி முருகைக்கல் பாறையிலிருந்து கொண்டுவந்த கல் உள்ளே கிடந்தது. அதில் ஐம்பது சதக் குத்திக் காசு அளவில் ஒரு நட்சத்திர மீன், ஆறு கை.

"கடல்தண்ணி மாத்துற வேலை உங்களுக்கு, மருமகன்."

எனக்குப் பதவி கிடைத்த மாதிரி இருந்தது.

நாலாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மீன் ரெண்டாகக் கிடந்தது, துண்டுக்கு மூன்று கை. முந்தின நாள் போத்தல் கையில் ஒருதரம் சரிந்தது ஞாபகம் வந்தது. மவுத்துக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொன்னேன், மீனுக்கல்ல, எனக்கு.

மாமா இன்னும் பள்ளிவாசலடியில் கதைத்துக்கொண்டு நின்றார். தறியடியில் கிடந்த சிவப்பு நூலை எடுத்து, ரெண்டு துண்டையும் சேர்த்துக் கட்டினேன். கோபித்துக்கொண்ட புருஷன் பெண்சாதி மாதிரி அவை ஆளுக்கொரு பக்கம் நடந்தன. திரும்பக் கட்டினேன். மூன்றாந்தரம் நாலு சுற்றுச் சுற்றியதில் மீன் மறைந்து நூல் உருண்டைதான் தெரிந்தது.

"வாப்பா வாறார்," என்றாள் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு.

மாமா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன, மருமகன்?"

"குளிருக்கு, மாமா."

அவர் மீனை எடுத்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"இது தன்னாலயே ரெண்டாப் பிரியும். போனமுறை வச்சிருந்ததும் அப்படித்தான். கொஞ்சநாள் போனா மத்தக் கையெல்லாம் முளைச்சிடும். இதுக்குப் புள்ளப்பேறே இதுதான்."

பிள்ளைப்பேற்று நேரத்தில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டிய ஆம்பிளை இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

போத்தலை மாமா என்னிடமிருந்து பறிக்கவில்லை. ரெண்டுக்கும் மெல்ல மெல்லக் கை முளைத்தது. ஆனால் அன்றிலிருந்து நான் தும்மினால் போதும், சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வரும்:

"புள்ள, மருமகனுக்குக் குளிருது போல. தறியடில நூல் கிடக்கு, எடுத்துக் குடு."