தலைவர் பெயரில் பத்தொன்பது நாய்கள்

நாய் சும்மா நின்றால் மிருக வைத்திய அலுவலகத்தின் பொறுப்பு, கடித்தால் என் பொறுப்பு, செத்தால் பிரதேச சபையின் பொறுப்பு: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உத்தியோகத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, ரப்பர் தோட்டங்கள் நிறைந்த கஹவத்தைப் பக்கம் வந்த மூன்றாவது மாதத்தில், மனிதர், விலங்கு, சுற்றாடல் மூன்றின் சுகாதாரத்தையும் இனி ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் ஒன்று வந்தது. அதுவரை தனித்தனியாகச் செய்யாமல் விட்ட வேலைகளை இனிமேல் சேர்ந்து செய்யாமல் விடலாம் என்று நான் விளங்கிக்கொண்டேன். படிவம் நிரப்பிக் கை ஓய்ந்த கள உத்தியோகத்தர்களே, நீங்களாவது இதைக் கேளுங்கள். என் மனைவி கேட்டுக் கேட்டு இப்போது இந்தப் பேச்சை எடுத்தாலே குசினிக்குள் போய்விடுகிறாள்.

நாயில்லாத லயம்

முதல் வேலை, விசர்நாய்த் தடுப்பூசி. மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து பண்டார வந்தார். தடுப்பூசி போடுவதிலேயே தலை நரைத்த மனிதர். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போய், தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் இறங்கினோம். மரியாதைக்காகத் தோட்டத்துப் பெரிய கிளார்க்கும் கூட வந்தார். அங்கேதான் பிழையாகிப்போனது. லயத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று தோட்டத்தில் ஒரு நோட்டீஸ் உண்டாம். அதை ஒட்டியவரே அவர்தானாம். இது எனக்கு எப்படித் தெரியும்?

லயத்தில் ஒரு காம்பரா வீடு விடாமல் கேட்டோம். யாரிடமும் நாய் இல்லை. ஆனால் சாத்திய கதவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் குரைப்புச் சத்தம். ஒரு வாசலில் கறுப்பு நாய் ஒன்று மட்டும் பயமே இல்லாமல் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. “இது ஆருடைய நாய்?” என்று கேட்டேன். வீட்டுக்காரப் பெண் அதை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவள்போல ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“நாய் எங்களோடது இல்லீங்க ஐயா. சோறு மட்டுந்தான் எங்களோடது.”

உரிமையாளர்

கிளார்க்கைத் தேநீர் குடிக்க அனுப்பிவைத்தோம். அவர் தலை மறைந்ததும் கட்டிலுக்கடியிலிருந்தும் விறகு அடுக்கும் மாச்சாப் பரணிலிருந்தும் நாய்கள் புறப்பட்டன. பண்டார ஊசி போட, நான் கார்டு எழுதினேன். கார்டில் நாயின் நிறம், வயது எல்லாம் ஒழுங்காகச் சொன்னார்கள். உரிமையாளர் பெயர் என்றதும் தலையைச் சொறிந்தார்கள். முதலாவது ஆள் யோசித்து, தொழிற்சங்கத் தலைவரின் பெயரைச் சொன்னார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. பத்தொன்பது கார்டிலும் அதே பெயரை எழுதி முடித்தேன்.

வெளியே வரும்போது அந்தத் தலைவரே எதிர்ப்பட்டார். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். மனிதரின் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லீங்க ஐயா. சந்தாவுக்குப் பேர் குடுக்காதவன்கூட நாய்க்கு என் பேரத்தான் குடுத்திருக்கான்.”

இருபதாவது நாய்

பத்தொன்பதாவது நாயோடு தடுப்பூசி மருந்து முடிந்துபோனது. வரிசையில் கடைசியாகச் சிவனு நின்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், ஒல்லியான மனிதர், பக்கத்தில் மண்ணிற ஆண் நாய் ஒன்றைச் சேலைக் கிழிசலால் கட்டிப் பிடித்திருந்தார். நாய்க்கு ஜிம்மி என்று பெயர். மற்றவர்களெல்லாம் நாயை மறைத்தபோது, அதைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குத்தான் ஊசி இல்லை.

அடுத்த கிழமை வருகிறோம் என்றோம். அடுத்த கிழமை மருந்து வந்தது, ஜீப் கராஜில் இருந்தது. அதற்கடுத்த கிழமை ஜீப் வந்தது, டிரைவர் லீவில் போனார். நான் பண்டாரவுக்குத் தொலைபேசி எடுத்து, மிச்ச நாயின் கதி என்ன என்று கேட்டேன். அவர் சிங்களத்தில் சாவகாசமாகச் சொன்ன பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்:

“நாயிடம் சொல்லி வையுங்கள் தம்பி, நாங்கள் வரும்வரை யாரையும் கடிக்க வேண்டாமென்று.”

குடல் யாருடையது?

இத்தனை நாய் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே, தோட்டத்து வளைவில் போய் நின்றது வழி. டவுன் கோழிக்கடைக்காரர் எவரோ கழிவை உரப்பையில் கட்டிக்கொண்டுவந்து அங்கே கொட்டிவிட்டுப் போகிறார். கோழிக்குடல் இருக்கும் இடத்தில் நாய் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கடிதமும் தேவையில்லை.

மூன்று அலுவலகமும் கூடிய முதல் கூட்டம் அந்த வளைவில்தான் நடந்தது. சுற்றாடல் உத்தியோகத்தர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். பாதையில் கிடந்தால் பிரதேச சபை அள்ள வேண்டும், ஓரத்து வடிகால் கானுக்கு உள்ளே கிடந்தால் தோட்டம் அள்ள வேண்டும். குவியலோ பாதி பாதையிலும் பாதி கானிலும் கிடந்தது. அளவுநாடா கொண்டுவரப்பட்டது. அளந்தோம். பெரும்பகுதி தோட்டத்துப் பக்கம் என்று முடிவானது. நாங்கள் நாடாவைச் சுருட்டுமுன்பே பெரிய கிளார்க் குறுக்கிட்டார்.

“அது மேலேருந்து தானா உருண்டு வந்ததுங்க ஐயா. நாங்க கூப்பிடலையே.”

பவானியின் கால்

அந்த வளைவில்தான் பவானியை நாய் கடித்தது. அவளும் பால் வெட்டுகிறவள். சிவனுவின் காம்பராவுக்கு மூன்றாவது காம்பரா. இரண்டு பிள்ளைகளின் தாய். விடியக்காலையில் வாளியோடு மலைக்குப் போகும்போது, குடலுக்குச் சண்டை போட்ட நாய்களுக்குள் ஒன்று திரும்பி அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. பிடித்தது ஜிம்மி. சோப்புப் போட்டுக் கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கும் வெட்டப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் நொண்டிக்கொண்டு நின்றபோதுதான் நான் கண்டேன்.

சிவனுவைக் கூப்பிட்டேன். ஓடிப்போய்க் கார்டோடு வந்தார். மண்ணிறம், ஆண், உரிமையாளர் தலைவர், எல்லாம் என் கையெழுத்து. அன்று வரிசையில் நின்றபோதே கார்டை எழுதியிருப்பேன், பண்டார நான் இல்லாத நாளில் வந்து ஊசியைப் போட்டிருப்பார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கார்டில் இருந்த திகதியை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நாயைப் பதினான்கு நாள் கவனித்தால் போதும், இப்போதைக்கு ஊசி தேவையில்லை என்று துண்டு எழுதி, பெயரும் பதவியும் போட்டு அழகாகக் கையெழுத்து வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் விழாது, சம்பளம் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்த பவானிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நல்லவேளைங்க ஐயா, வெயில் வர்றதுக்குள்ள மலைக்கு ஏறிருவேன்.”

இரவல்

நான்கு நாள் கழித்து அதே லயத்தில் தேங்கிய தண்ணீரில் நுளம்புப் புழு தேடப் போனேன். போன இடத்தில், சும்மா வாய் வைத்திருக்க முடியாமல், கோடிக் காம்பராப் பெண்ணிடம் நாய்க் கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவளுடைய நாயும் மண்ணிறம். “அத சிவனு அண்ணன் வாங்கிட்டுப் போனாருங்க, ஐயா பாக்கணும்னு சொன்னீங்களாமே. இன்னும் திருப்பித் தரல” என்றாள்.

லயத்தில் குடை இரவல் போகும், தேங்காய் துருவி இரவல் போகும், கல்யாணத்துக்குப் போட்டுப்போகச் செருப்பும் இரவல் போகும். கார்டும் போகும் என்று எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லவில்லை. “ஏனம்மா குடுத்தனீங்கள்?” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கதவெல்லாம் திறந்தது. அவள் கொஞ்சமும் கலங்கவில்லை.

“கார்டத்தானுங்களே ஐயா குடுத்தேன், நாயையா குடுத்தேன்?”

கையெழுத்து வைத்தவர்

ரப்பர் மலையில் விழுந்தெழும்பி ஏறினேன். சிவனுவைத்தான் முதலில் கண்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே போட்டார். கார்டு இல்லாத நாயைப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். “ஜிம்மி எங்க?” என்று கேட்டேன். இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை, நேற்றிலிருந்து ஆளையே காணோம் என்றார். சொல்லும்போதே அழத் தொடங்கினார். எனக்கும் அழுகை வந்தது. அவர் நாயை நினைத்து அழுதார், நான் பவானியை நினைத்து.

பவானி இரண்டு வரிசை தள்ளி வெட்டிக்கொண்டிருந்தாள். பால் வடிகிற மரத்தை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். சிவனு அவள் வாளியை வாங்கிக்கொண்டார். அவள் மரங்களையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவளைப் பார்த்துக் கும்பிட்டார். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இளம் பெண் டாக்டர் ஒருவர் காயத்தைப் பார்த்தார், என் துண்டைப் பார்த்தார், இதில் கையெழுத்து வைத்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். அவர் துண்டை நான்காக மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

“அப்படியென்றால் நீங்களும் நோயாளிகளின் வாங்கில் உட்காருங்கள் ஐயா, உங்களுக்கும் ஏதாவது ஊசி இருக்கிறதா பார்க்கிறேன்.”

பயனாளி

அடுத்த நாள் ஜிம்மி கானுக்குள் செத்துக் கிடந்தது. பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினோம். விசர் உறுதி என்று பதில் வந்தது. சிவனு அந்தக் கார்டை உடனே திருப்பிக் கொடுத்திருந்தால் எனக்கு விஷயம் தெரியாமலே அவள் செத்திருப்பாள், என் கையெழுத்தோடு செத்திருப்பாள். சிவனுவும் ஊசி வரிசையில் நின்றார். பவானி நான்கு தடவை பஸ் ஏறி இறங்கி எல்லா ஊசியும் போட்டு முடித்தாள். இன்றைக்கும் பால் வெட்டுகிறாள்.

மூன்று அலுவலகமும் சேர்ந்து ஓர் உயிரைக் காப்பாற்றியதாக அறிக்கை போயிற்று. அதைக் கொண்டாடப் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்து, பதாகை கட்டினோம். ஜன்னல் வழியே கோழிக்குடல் நாற்றம் வந்ததால் ஜன்னலைச் சாத்தினோம். மேலிடத்துப் பெரியவர் ஒருவர், பயனாளி இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். பவானியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினோம். ஐயாமாருக்கு நன்றி என்று சொல்ல அவளுக்கு நான் முதல் நாளே பழக்கி வைத்திருந்தேன். அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள், எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள், கோபமே இல்லாமல் சொன்னாள்:

“நாய்க்கு ஊசி போட ஜீப்பு லயத்து வாசலுக்கே வந்திச்சுங்க. எனக்கு ஊசி போட நாலு நாள் பேர விட்டுட்டு நான்தான் பஸ் ஏறிப் போனேன்.”

கைதட்டல் ஓய்ந்ததும், மனிதர், விலங்கு, சுற்றாடல் மூன்றும் ஒன்றே என்ற பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டு நாங்கள் மூவரும் மூன்று வாகனங்களில் ஏறி மூன்று அலுவலகங்களுக்குத் திரும்பினோம் என்பதோடு இந்த உத்தியோகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முடிந்தது.