மூன்றாம் எண் மஞ்சள்

என் அண்ணியைப் பண்ணையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்கேல் அக்கா என்றுதான் சொல்வார்கள். பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் பதினோரு வருட வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மரக்கோலை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாகப் போவார். சிவப்பு நூல் கட்டிய செடிகளின் உயரத்தை அளப்பார், இலை எண்ணுவார், நோட்டில் குறித்து வைப்பார். நான் அதே பண்ணையின் எடைக் கொட்டகையில் சாக்கு தைப்பவள். "என் நாத்தனார் வாயைத் திறந்தா முத்து கொட்டிடும், பொறுக்க ஆள் வேணும்" என்று என்னைக் கேலி செய்வார். அவர் எனக்கும் சேர்த்துப் பேசுவார்.

எங்கள் பக்கம் வருடத்தில் ஒன்பது மாதம் மழை. காட்டைத் திருத்தி எடுத்த நிலம். பிழிந்து போட்ட துணி காய ஒரு வாரம் ஆகும். மஞ்சள் நட்டால் பாதி மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும். எந்த ரகம் தாங்கும் என்று பார்க்க ஆபீசர் ஐந்து ரகம் நட்டார். பெயர் கிடையாது, எண்தான். ரகத்துக்கு நாலு பாத்தி, பாத்திக்கு நாற்பது செடி. சுற்றிலும் வேலி மாதிரி இரண்டு ஓர வரிசை. அதற்கு மட்டும் விதை எங்கள் வீட்டிலிருந்து போனது, நாங்கள் வழக்கமாகப் போடும் மஞ்சள். ஓர வரிசையை யாரும் அளப்பதில்லை, எடையும் போடுவதில்லை.

கிழங்கு வெட்டி எடை போட்ட அன்று மூன்றாம் எண் மற்ற நாலையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் எண் பாத்தியின் செழிப்பை முன்பே பார்த்துவிட்டு விதை வாங்க வந்திருந்த என் அண்ணனின் தோளைத் தட்டினார்.

"இவ்வளவு மழைக்கும் ஒரு குழி காலியில்லைய்யா! அதுதான் ரகம். முதல் விதை உனக்குத்தான்."

"ரொம்ப நன்றி சார். நானும் பழசைத் தலை முழுகிட்டேன்" என்றார் அண்ணன். மூன்றாம் எண் விதை மூன்று சாக்கை அதற்குள் வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டே அண்ணி சிரித்தார். "காலியில்லாம என்ன சார்? மூணாம் நம்பர்ல பாதிக்கு மேல அழுகிப் போச்சு. நீங்க டிரெயினிங் போயிருந்தப்ப ஓரத்துலேர்ந்து பிடுங்கி நான்தான் அடைச்சேன். பாத்தி பொக்கை வாய் மாதிரி கிடந்தா எனக்குச் சோறு இறங்காது."

பாராட்டு வரும் என்று நின்றார்.

ஆபீசர் குவியலிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து உடைத்தார். உள்ளே எலுமிச்சை நிறத்தில் இருக்க வேண்டிய மூன்றாம் எண் செங்கல் நிறத்தில் இருந்தது. இன்னொன்றை உடைத்தார். அதுவும் அப்படியே.

"நூல் கட்டின செடி?" என்றார்.

"அதுவும் சிலது போச்சு சார். நூலை அவிழ்த்துப் புதுசுல கட்டிட்டேன்." அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன் சார்? தப்பா?"

"அம்மா, எது சாகுது, எது பிழைக்குதுன்னு பார்க்கத்தானே இத்தனையும் நட்டோம்!"

"அதை யாரு சார் என்கிட்ட சொன்னாங்க? அளன்னு சொன்னீங்க. அளந்தேன்."

"போன வருஷம்?"

"போன வருஷமும்தான் சார். அதுக்கு முந்தியும். வந்த நாள்லேர்ந்து பள்ளம் விழுந்தா அடைக்கிறதுதான்."

ஆபீசர் அப்படியே எடைத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். முள் எழுபதுக்குப் போய் ஆடியது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் கையில் ஊசி குத்தியிருந்தது. ரத்தத்தைப் பிறகுதான் கவனித்தேன்.

அண்ணன் உடைந்த கிழங்கை வாங்கி மோந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது நம்ம மஞ்சள்டி."

"ஆமா, ஓரத்துல நட்டது நம்மளதுதானே."

"விதைக்கு வெச்சிருந்த நாலு மூட்டையையும் வேக வெச்சுக் காயப் போடச் சொல்லி அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்! இனிமே எதுக்குன்னு, வித்துடலாம்னு!"

வெந்த மஞ்சள் முளைக்காது. அது எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அண்ணி போன் போட்டார். மணி அடித்தது, அம்மா எடுக்கவில்லை. இன்னொரு முறையும் எடுக்கவில்லை. வண்டியில் இருந்த கலப்பு விதைச் சாக்குகளை அண்ணன் இறக்கக்கூட இல்லை, கீழே உருட்டித் தள்ளினார். மூவரும் ஏறினோம். வழியெல்லாம் அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

வாசலில் மூன்று மூட்டை மஞ்சள் வெந்து ஆவி பறக்கப் பரப்பிக் கிடந்தது. நாலாவதை அம்மா அப்போதுதான் கொப்பரையில் கொட்டியிருந்தார். தண்ணீர் ஓரத்தில் மெல்லச் சத்தமிட ஆரம்பித்திருந்தது. அண்ணி குடத்துத் தண்ணீரை அடுப்பில் வீசினார். பிறகு கைகளை முழங்கை வரை கொப்பரைக்குள் விட்டுக் கிழங்குகளை அள்ளி அள்ளி வெளியே போட்டார். "கையை எடு, கையை எடு" என்று அண்ணன் கத்தியது அவர் காதில் விழவில்லை.

புகைக்குள் நின்று இருமியபடி அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"வேக வெக்கச் சொன்னதும் நீங்க, அடுப்பை அணைக்கிறதும் நீங்க. நான் என்ன கிறுக்கியா?"

சிவந்துபோன கைகளால் அண்ணி ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளே வேகாமல் பச்சையாகத்தான் இருந்தது. அடுத்ததை எடுத்தார்.