புகார் யார் மேல?

கூரியர் கம்பெனியில் குறை கேட்பதுதான் அவள் பிழைப்பு. உடைந்த டிவி, காணாமல் போன பார்சல், ஊரில் உள்ள கோபமெல்லாம் ஹெட்போன் வழியாக அவள் காதில் வந்து விழும். எரிந்து விழுபவர்களும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுவதால் ஆபீசில் அவளுக்கு ‘ஐஸ்கட்டி’ என்று பெயர். வீட்டுக்கு வந்தால் கதை வேறு. மூக்கு நுனியில் கோபம் நிற்கும். அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி நீச்சல் ரிலேயில், முன்னால் நீந்தி வந்த தோழி சுவரைத் தொடுமுன்பே இவள் தண்ணீரில் குதித்துவிட்டாள். முதலில் வந்தும் நான்கு பேருக்கும் பதக்கம் போயிற்று. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது, ஒழுங்கான சாப்பாடு கிடையாது, அறைக்கதவும் திறப்பதில்லை. “போனாப் போகுது, ஒரு போட்டிதானே!” என்று ஐஸ்கட்டி சொல்லிப் பார்த்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று.

இன்று வேலை விட்டு வந்ததும் சாப்பாட்டுத் தட்டோடு மூடிய கதவருகே உட்கார்ந்தாள்.

“எனக்கெல்லாம் எதுக்கும்மா சாப்பாடு?” என்றாள் மகள் உள்ளேயிருந்து. “மூணு பேர் உழைப்பையும் கெடுத்துட்டேன். என்னை மாதிரி ஒண்ணு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

பதறிப்போன தாயின் வாய், பகலெல்லாம் பழகிய பேச்சுக்கே தாவிவிட்டது.

“சொல்லுங்க மேடம், புகார் யார் மேல?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, விளையாடுகிற நேரமா இது! உள்ளே மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

“என் மேலதான்.”

“சரிங்க. ஆனா எங்க கம்பெனியில ஒரு விதி இருக்கு. டெலிவரிக்குப் போனவர் என்ன சொல்றார்னு கேக்காம எந்தப் புகாரையும் முடிக்க மாட்டோம். தண்ணியில குதிச்ச அந்தப் பொண்ணுகிட்ட என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா?”

“இல்ல. திட்ட மட்டும்தான் செஞ்சேன்.”

“இப்பக் கேளுங்களேன். நான் லைன்லயே இருக்கேன்.”

எதிர்முனை மௌனமானால் நடுவில் புகுந்து பேசக்கூடாது என்பது வேலையில் சேர்ந்த புதிதில் கற்றது. வீட்டில் அதை ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. இன்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். தட்டில் சாப்பாடு ஆறிப்போயிற்று.

“அவ...” குரல் உடைந்தது. “எல்லாரும் கத்தினாங்கம்மா. அவ ரொம்பப் பயந்துட்டா. வேணும்னு குதிக்கல. பாவம்மா அவ.”