ராட்டைச் சக்கரத்தில் கோட்டம்

நகரியில் எங்கள் தெருவில் நெசவுக்குத் தார் சுற்றும், அதாவது ஊடை நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றும் ராட்டைகளில் பாதிக்கு மேல் சைக்கிள் சக்கரம்தான். மரச் சக்கரத்தைவிட லேசு, சீராகவும் சுற்றும். நான் சைக்கிள் கடைக்காரன். அதனால் அவற்றுக்குப் போக்ஸ் கம்பி கோப்பதும் கோட்டம் எடுப்பதும் என் தலையில்தான் விழும். கோட்டம் எடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம்மை ஒட்டி சாக்பீஸைப் பிடித்தால், ஆடுகிற இடத்தில் மட்டும் கோடு விழும். அங்கே ஒரு பக்கத்துக் கம்பியை முறுக்கி மறுபக்கத்துக் கம்பியைத் தளர்த்த வேண்டும். பொறுமை வேண்டும். எனக்கு அது கொஞ்சம் குறைச்சல்.

என் மனைவியும் அப்படி ஒரு ராட்டையில்தான் தார் சுற்றினாள். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடும். வாயும் சேர்ந்து ஓடும். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவளுக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது கால் கொஞ்சம் வந்திருந்தது. கை வரவில்லை. காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொள் என்றார்கள் தெருவில். எலும்பு முறிவுக்குப் போடுகிற புத்தூர்க் கட்டை இதற்கும் போட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கோ மறுபடி ராட்டையில் உட்கார வேண்டும் என்ற ஒரே எண்ணம். உட்கார்ந்தாள். நூல் அறுந்தது. முடிந்து கொடுத்தேன், மறுபடி அறுந்தது.

"வீல் ஆடுது. கோட்டம் எடுத்துக் குடு," என்றாள்.

கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் சாக்பீஸ் வைத்துப் பார்த்தேன். சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆட்டம் அவள் விரலில் இருந்தது. அதை எந்த வாயால் சொல்வது? ஒரு கம்பியை முறுக்கி, முறுக்கியதை அப்படியே தளர்த்தி, "ஆமாமே, லேசா கோட்டம் இருந்துச்சு," என்று மாட்டிக் கொடுத்தேன்.

அவள் முகம் தெளிந்தது. மறுநாளும் நூல் அறுந்தது.

"நீயெல்லாம் இன்னாத்துக்குக் கடை வெச்சிக்கினு கீற?"

அந்தத் திட்டு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பழி சக்கரத்தின் மேல் இருக்கும்வரை அவள் உட்காருவாள், உட்கார்ந்தால் என்றாவது கை வரும் என்று நம்பினேன். தை பிறந்த பிறகும் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே போனது.

ஒரு மதியம் அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். அவள் ராட்டையில் அச்சு உடைந்துவிட்டதாம்.

"அக்கா, உன் ராட்டைல கொஞ்சம் சுத்திக்கட்டா?"

"சுத்து. ஆனா வீல் ஆடும், நூல் அறுந்துக்கினே இருக்கும்," என்றாள் என் மனைவி, கட்டிலில் இருந்தபடியே.

வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு எழுந்துபோய்த் தடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்து சுற்றினாள். தார்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நூல் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

"எங்கக்கா ஆடுது? அண்ணன் கைப்பட்ட வீலாச்சே, எவ்ளோ நேரா ஓடுது பாரு," என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனுக்கு மொதல்லியே தெரியுமா?"

"தெரியும்மே."

வைவாள் என்று நின்றேன். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தப் பொண்ணு அச்சு ஒடஞ்சிதுன்னு சொல்லுச்சே. இந்த ராட்டைய எடுத்துக்கினு போயி வெச்சிக்கச் சொல்லு," என்றாள்.